வரைந்த கதவுக்கு முன்னால்

எங்கள் ஊரில் வரிசையைக் கண்டால் முதலில் நிற்பார்கள். என்ன கிடைக்கும் என்பதைப் பிறகுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டு நிற்கலாம் என்று நினைப்பவன் வெறும் பையோடு வீடு திரும்புவான் என்பது போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். 1987 நவம்பரில் ஒரு மத்தியானம் யாத்விகாவும் அப்படித்தான் போய் நின்றாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விடிகாலை முறையை முடித்துவிட்டு டிராம் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஈரப் படுக்கைவிரிப்புகளைத் தூக்கித் தூக்கி முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் ஸ்விட்னிட்ஸ்கா தெருவில் அந்த வரிசையைப் பார்த்ததும் கால்கள் அவளைக் கேட்காமலேயே அதன் வாலில் போய் ஒட்டிக்கொண்டன. கோட்டுப் பையிலிருந்து வலைப்பையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"என்ன இறக்கியிருக்காங்க?" என்று முன்னால் நின்ற பெரியவரைக் கேட்டாள்.

"காப்பிங்கறாங்க. பஞ்சுங்கறாங்க. ஒரு அம்மா செக் நாட்டு பூட்ஸுன்னு சத்தியமே பண்ணிட்டுப் போச்சு," என்றார் அவர். "எதுவா இருந்தா என்னம்மா? நம்ம வீட்டுல இல்லாததாத்தான் இருக்கும்."

அவர் பெயர் இக்னாட்சி. பென்ஷன்காரர். மற்றவர்களுக்காக வரிசையில் நின்று கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தார். அதற்கென்று ஒரு மடக்கு நாற்காலியும் வைத்திருந்தார். வரிசைச் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கைக்குழந்தைக்காரிக்கு எப்போதும் முன்னிடம் உண்டு. (அதனால் எங்கள் ஊர்க் கைக்குழந்தைகள் ஓய்வொழிச்சல் இல்லாமல் உழைத்தார்கள், ஒரே நாளில் நாலைந்து அம்மாக்களின் இடுப்பில்.) ஒதுங்கப் போகிறவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம், அவர் இடத்தைப் பார்த்துக்கொள்வார். திரும்பி வரும்போது அந்த இடம் இருக்கும். அரசாங்கத்தின் வாக்குறுதி எதுவும் எங்களுக்கு நிலைத்ததில்லை, ஆனால் வரிசையில் கொடுத்த வாக்கு மட்டும் தப்பியதே இல்லை.

அன்றைய வரிசையில் ஏதோ ஒரு கோளாறு இருப்பதாக யாத்விகாவுக்குப் பட்டது. இடையிடையே நின்ற இளைஞர்கள் சிலரின் கையில் பையே இல்லை. பையில்லாமல் வரிசையில் நிற்பவன் ஒன்று போலீஸ், இல்லையென்றால் பைத்தியம். அதுவும் போகட்டும், ஒருவன் திரும்பி, "நீங்க முன்னால போங்கம்மா, எனக்கு அவசரமில்ல," என்று வழிவிட்டான். இன்னொருத்தி, "என் இடத்துல நில்லுங்கத்தை," என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனாள்.

"சும்மா முன்னிடம் குடுக்கறானுங்க," என்று யாத்விகா இக்னாட்சியின் காதில் சொன்னாள். "எனக்கென்னமோ சரியாப் படல."

"வலிய வர்ற சீதேவியை எட்டி உதைக்காதம்மா. நட."

முன்னால் போய்ச் சேர்ந்தவர்கள் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்கள். என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. தான் ஏமாந்த கதையைத் தன் வாயால் சொல்ல யாருக்கு மனசு வரும்? அடுத்தவனும் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். சிலர் மட்டும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு அங்கேயே ஓரமாக நின்றார்கள். இப்படியாக வரிசை நகர்ந்தது, யாத்விகாவும் நகர்ந்தாள். தெரு வளைவைத் தாண்டியதும் கடை இருக்க வேண்டிய இடம் தெரிந்தது.

கடை இல்லை. சுவர் இருந்தது. இரவில் யாரோ அந்தச் சுவரில் அரசாங்கத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதுவதும், காலையில் அரசாங்கம் வந்து அதன்மேல் வெள்ளையடித்துவிட்டுப் போவதும் ஊரறிந்த வழக்கம். அப்படி அடித்த ஒரு பெரிய வெள்ளைத் திட்டில் கதவு ஒன்று வரைந்திருந்தது. பச்சைக் கதவு, பித்தளைக் கைப்பிடி, பூட்டுத்துளை, மேலே சின்ன மணி. கதவின் கண்ணாடியில் 'விரைவில் திறக்கப்படும்' என்று பலகை தொங்கியது, அதுவும் வரைந்ததுதான். கதவுக்கு முன்னால், வரிசையின் முதல் ஆளாக, விரலெல்லாம் பச்சைச் சாயத்தோடு நின்றது யாத்விகாவின் மகள் மல்வினா.

இருவரும் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது.

யாத்விகாவின் கணவன் ஸெனோன் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பற்றவைப்பவனாக இருந்தவன். ராணுவச் சட்டம் வந்த 1981 டிசம்பரில், தொழிற்சங்கக்காரன் என்று அவனைப் பிடித்துப் போனார்கள். திரும்பி வரும்போது ஒரு இருமலோடு வந்தான், இரண்டு குளிர்காலத்துக்கு மேல் தாங்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு மிச்சம் மகள் ஒருத்திதான். அந்த மகள் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, சுவரில் படம் போட்டாள் என்று போன வசந்தத்தில் போலீஸ் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து அனுப்பியது. அன்று சாயங்காலமே யாத்விகா மகளுடைய காகிதங்களையும் அச்சு மரக்கட்டைகளையும் அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள். மறுநாள் மல்வினா ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியோடு விடுதிக்குப் போய்விட்டாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்? ஈஸ்டருக்குக்கூட அவள் வரவில்லை. "இன்னொரு தடவை பிடிபட்டா சீட்டக் கிழிச்சு அனுப்பிடுவாங்களாம், அப்புறம் ஜெயிலுதானாம்," என்று மாடி வீட்டுக்காரி சொன்னதிலிருந்து யாத்விகா எந்த இரவும் முழுசாகத் தூங்கியதில்லை.

இப்போது அந்த மகள் பட்டப்பகலில், ஊர் நடுவில், பச்சை விரல்களோடு நிற்கிறாள்.

"இது என்னடி?" என்றாள் யாத்விகா. எட்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த எந்த வார்த்தையும் வரவில்லை, இதுதான் வந்தது.

"கதவும்மா."

"அது தெரியுது. உள்ள என்ன இருக்கு?"

"சுவரு."

"அப்புறம் எதுக்கு இத்தன பேரு நிக்கறாங்க?"

"அதத்தாம்மா நாங்களும் கேக்கறோம்."

இக்னாட்சி நாற்காலியை விரித்து உட்கார்ந்துகொண்டார். முப்பது வருஷம் நின்ற அனுபவத்தில் அவருக்கு நல்ல சண்டை வரப்போவது தெரியும்.

"என் முழங்கால் உனக்கு வேடிக்கையாப் போச்சா?" யாத்விகாவின் குரல் உடைந்தது. "நீ குடிச்ச பாலு, நீ போட்ட செருப்பு, உங்கப்பனுக்குக் கடைசியா வாங்கின மருந்து, அத்தனையும் நான் நின்னு வாங்கினது. பனியில நின்னேன், காய்ச்சலோட நின்னேன். அதப் போயி நடுத்தெருவுல கூத்துக் கட்டி ஆடறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

மல்வினாவின் முகம் சுருங்கிவிட்டது. "கூத்து இல்லம்மா. நான் வேற எங்க போயி இதப் படிச்சேன்? உன் கோட்டு ஓரத்தப் புடிச்சுக்கிட்டு நின்னுதான வளந்தேன்? கல்லூரியில பழங்களையும் பூச்சாடியையும் வெச்சு வரையச் சொல்றாங்க. அந்தப் பழத்த நான் கண்ணால பாத்தே வருஷமாச்சு. எனக்குத் தெரிஞ்சது உன் முதுகுதான். உன் முதுகும் அதுக்கு முன்னால இன்னொரு முதுகும்."

யாத்விகாவின் கை தன்னையறியாமல் கோட்டு ஓரத்தைத் தடவியது.

"அப்பா ஆளுங்க கூட்டம் போட்டாங்க, அடிச்சுக் கலைச்சாங்க. நாங்க சுவத்துல எழுதினோம், வெள்ளையடிச்சாங்க. ஆனா வரிசையில நிக்க அவங்களேதான நமக்குப் பழக்கிவிட்டாங்க? இத எப்படிக் கலைப்பாங்க, நீயே சொல்லு."

"வாய் மட்டும் அப்படியே அப்பன்," என்றாள் யாத்விகா. கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் கண் நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் பூட்டுத்துளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறாள்! சாவி போட்டுப் போட்டுத் தேய்ந்த கீறல்கூட இருந்தது. "அன்னிக்குப் பயத்துல எரிச்சேன்டி. உன் மேல இருந்த கோவத்துல இல்ல."

"தெரியும்மா."

"தெரிஞ்சா ஒரு தடவையாவது வந்திருக்கலாம்ல?"

மல்வினா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தெரு முனையில் போலீஸ் வண்டி வந்து நின்றது, ஒலிபெருக்கி கரகரத்தது. "குடிமக்களே, கலைந்து செல்லுங்கள். இங்கே எதுவும் விற்கப்படவில்லை. இங்கே எதுவுமே இல்லை."

எங்கள் ஊர் ஜனங்களிடம் இதைச் சொல்லலாமா? எதுவும் இல்லை என்று அரசாங்கமே வண்டி போட்டு வந்து சொல்கிறதென்றால், உள்ளே இருப்பது சாதாரணச் சரக்கில்லை என்று அர்த்தம். எதிர்ப்பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஓடிவந்து சேர்ந்தார்கள். டிராமை நிறுத்திவிட்டு ஓட்டுநரே இறங்கினான். "ஆரஞ்சுப் பழமாம்! கட்சிக்காரங்களுக்குன்னு ஒதுக்கினதாம்!" என்று யாரோ கத்தினார்கள். கண் மூடித் திறப்பதற்குள் வரிசை இரண்டு மடங்காகிவிட்டது.

போலீஸ்காரர்கள் வரிசையின் ஓரமாகவே முன்பக்கம் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். அதுதான் அவர்கள் செய்த தப்பு. தடியோடு வந்திருந்தால் ஜனங்கள் பயந்திருப்பார்கள்; ஆனால் அவர்கள் வரிசையைத் தாண்டிப் போனார்கள். எங்களால் பொறுத்துக்கொள்ள முடியாத குற்றம் அது ஒன்றுதான்.

"யோவ், எங்க போற? கடைசில போயி நில்லு!"

"தொப்பி போட்டா முன்னால போயிடலாமா?"

"காலைலேர்ந்து நிக்கறவங்க எல்லாம் முட்டாளா? உன்ன இங்க நாங்க பாக்கவே இல்லியே!"

பைகளும் குடைகளும் முழங்கைகளும் குறுக்கே வந்தன. யாரும் யாரையும் அடிக்கவில்லை. வரிசையில் இடம் காப்பாற்றும்போது எப்படி நெருக்கி நிற்பார்களோ அப்படி நெருக்கி நின்றார்கள், அவ்வளவே. போலீஸ்காரர்கள் அடி அடியாகத்தான் முன்னேற முடிந்தது. கையில் பையில்லாத இளைஞர்கள், மல்வினாவின் கூட்டாளிகள், ஒவ்வொருவராக நழுவினார்கள். மல்வினா மட்டும் நகரவில்லை. கதவைப் பார்த்தபடி நின்றாள். அவள் தோள் நடுங்குவதை யாத்விகா பார்த்தாள். ஸெனோனைக் கூட்டிக்கொண்டு போன அன்று தான் சமையலறையில் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று வாசல்வரைகூட அவள் போகவில்லை.

முழங்கால் வலியோடு இரண்டு எட்டு எடுத்து வைத்து மகளுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றாள். தன் கையுறைகளைக் கழற்றி மல்வினாவின் பச்சை விரல்களில் மாட்டினாள், சின்ன வயதில் மாட்டிவிடுவாளே அது மாதிரி, ஒவ்வொரு விரலாக.

"நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வா கண்ணு," என்றாள். "உன் இடத்த நான் பாத்துக்கறேன்."

"அம்மா, வேணாம்மா..."

"வரிசையில நின்னு வளந்தவதான நீ? பெரியவங்க சொன்னாப் போகணும். போ."

மல்வினா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, பின்னால் நகர்ந்தாள். இக்னாட்சி நாற்காலியை மடக்கி வழிவிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு பருத்த அம்மாள் விலகினாள், அவள் பின்னால் இன்னொருத்தர். அந்தப் பெண்ணை உள்ளே வாங்கிக்கொண்டு வரிசை மூடிக்கொண்டது.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த சார்ஜென்ட்டுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கதவைப் பார்த்தான், கைப்பிடியை நோக்கிக் கை நீண்டது, பாதி வழியில் வெட்கப்பட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டான். "யாரு முதல்ல நின்னது?" என்று அதட்டினான். "இத ஆரம்பிச்சது யாரு?"

"நான்தான்," என்றாள் யாத்விகா.

"நீங்களா?" சலவைக்கூடச் சோப்பு வாசனை வீசும் அந்த அம்மாளை அவன் மேலும் கீழும் பார்த்தான். "பச்சைச் சாயத்தோட ஒரு பொண்ணு நின்னதாச் சொன்னாங்க."

இக்னாட்சி எழுந்து நின்றார். "எந்தப் பொண்ணு? இவங்கதான்யா முதலு. விடிகாலைலேர்ந்து நிக்கறாங்க. நான் ரெண்டாவது."

"ஆமா, இவங்கதான்," என்றாள் பருத்த அம்மாள். "நான் மூணாவது, எனக்குத் தெரியாதா?"

"அவங்கதான், அவங்கதான்," என்று வரிசை பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே போனது. அவள் மத்தியானத்துக்கு மேல் வாலில் வந்து ஒட்டியதைப் பார்த்தவர்கள்தான் பாதிப் பேர். எங்கள் ஊரில் தம்பிக்கு நிலத்தை எழுதிக் கொடுப்பவன் உண்டு. வரிசையில் முன்னிடத்தை அடுத்தவருக்கு விட்டுக் கொடுத்தவன் கிடையாது. அன்று அத்தனை பேரும் விட்டுக் கொடுத்தார்கள். யாத்விகாவைப் போலீஸ் வண்டிக்கு நடத்திப் போனார்கள். வண்டியில் ஏறும்போது சார்ஜென்ட்தான் அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட வேண்டியிருந்தது.

ஸ்டேஷனில் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, என்ன குற்றம் என்று எழுதுவதற்கு வெகுநேரம் யோசித்தான். வரிசையில் நின்றாள் என்று எழுதினால் நாட்டையே உள்ளே போட வேண்டும். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினான்.

"உள்ளதச் சொல்லுங்கம்மா. அங்க என்னதான் வரப்போகுது? பஞ்சா? என் பொண்டாட்டிக்கு இது மாசம். கடை கடையா அலையறேன்."

யாத்விகாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பாவமாகவும் இருந்தது. இவனும் எங்கோ ஒரு வரிசையில் நிற்கிறவன்தானே. "ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வா தம்பி," என்றாள். "பிரசவத்துக்கு முன்னால ஒரு நாள் வா. பழைய துணி, நல்லா வெளுத்தது, எடுத்து வெக்கறேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு கதவைத் திறந்துவிட்டான்.

நவம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். விடுதிக்குப் போய் மகளைத் தேடலாமா, தேடினால் போலீஸ் பின்னாலேயே வருமா என்று தவித்துக்கொண்டே யாத்விகா ஸ்விட்னிட்ஸ்கா தெருவைக் கடந்தாள். கடந்தவள் நின்றுவிட்டாள்.

வரிசை கலைந்திருக்கவில்லை. முன்பைவிடச் சின்னதாகியிருந்தது, அவ்வளவுதான். தெருவிளக்கின் கீழே இக்னாட்சி நாற்காலியில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். பருத்த அம்மாள் காலை மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமோ வாங்கிய தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு மல்வினா நின்றாள், அம்மாவின் கையுறைகளோடு. கதவுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அப்போதுதான் வந்த ஒருவன் அதில் நுழையப் பார்த்தான்.

"அங்க ஆளு இருக்கு," என்றார் இக்னாட்சி. "இப்ப வந்துடுவாங்க."

மல்வினா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கால் வலிக்குதாம்மா? வா, வீட்டுக்குப் போலாம். நான் வெந்நீர் வெக்கறேன்," என்றாள்.

வீட்டுக்கு என்று அவள் சொல்லிக் கேட்க யாத்விகா எட்டு மாதம் காத்திருந்தாள். ஆனாலும் உடனே கிளம்பவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, தனக்காக விட்டுவைத்திருந்த இடத்தில் நின்றாள். கோட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"இரு கண்ணு," என்றாள். "இத்தன வருஷமா நிக்கறேன். முதல் ஆளா நின்னதே இல்ல. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போலாம்."